கரியைக் கழுவினால்

நிலக்கரியைத் தூய்மையாக எரிக்க முடியும் என்று சொல்வோர் நம் காலத்தில் பெருகிவிட்டனர். ‘தூய நிலக்கரி’ என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டியிருக்கின்றனர். அமைச்சர்களின் உரைகளில் அப்பெயர் அடிபடுகிறது. கரி வணிகரின் விளம்பரங்களில் மின்னுகிறது. பள்ளி மாணவரின் கட்டுரைப் போட்டிகளிலும் நுழைந்துவிட்டது. கரி கரியது, ஆதலின் அது வெளுக்காது என்று ஒரு வரியில் எள்ளி நகையாடிவிட்டுப் போவது எளிது. ஆயினும் பெயரில் முரண் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கூற்றைத் தள்ளிவிடுதல் அறிவுடையார் செயலன்று. கற்றறிந்த பொறியாளர் பலர் இத்துறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கின்றனர். அவர்கள் செய்தது என்ன, செய்ய முடியாமற் போனது என்ன என்று பார்த்த பின்னரே அப்பெயர் பொருந்துமா பொருந்தாதா என்று சொல்ல வேண்டும்.

முதற்கண், கரிக்குள் இருப்பது யாது? எரிந்து வெப்பம் தரும் கரிமம் அதன் பெரும்பகுதி. அதனோடு கந்தகம் உண்டு. மிகச் சிறிதளவு பாதரசமும் ஆர்சனிக்கும் உண்டு. எரியாத மண்ணும் கல்லும் உண்டு. அடுப்பிலிட்டால் இவற்றுள் எதுவும் இல்லாமற் போய்விடுவதில்லை. மண் சாம்பலாகிறது. கந்தகம் காற்றோடு கூடிக் கந்தக டையாக்ஸைடு ஆகிறது. பாதரசம் ஆவியாகிறது. கரிமம் கரியமில வாயுவாகிறது. அதுவும் எடை குறைந்தன்று, கூடி. 12 பங்கு கரிமம் 32 பங்கு ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்கு வாயுவாக வெளியேறுகிறது. ஒரு டன் கரிமத்தை எரித்தவன் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வாயுவுக்குப் பொறுப்பாளி ஆகிறான். கண்ணுக்குத் தெரியாததால் அதனை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை.

பிக்ஹு கிதாபுகளில் சுத்தம் அசுத்தம் பற்றிய பாடத்தை ஓதியோர்க்கு இவ்விடத்தில் ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வரும். நஜீஸான பொருள் ஒன்று நெருப்பில் எரிந்து சாம்பலானால் அச்சாம்பல் சுத்தமா? ஹனஃபீ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து, அது சுத்தம் என்பது; பொருளின் தன்மையே மாறிவிட்டதால் பழைய விதி அதனைப் பற்றாது என்பர். ஷாஃபிஈ மத்ஹபிலோ, எரித்ததனால் அது சுத்தமாகாது. சாம்பலும் நஜீஸ், அதிலிருந்து எழும் புகையும் நஜீஸ். சிறிதளவு புகையெனில் பொறுத்துக்கொள்ளப்படும். மது தானே புளித்துக் காடியாகிவிட்டால் அது சுத்தம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

நிலக்கரி நஜீஸ் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு எவரும் எடுத்துக்கொள்ள வேண்டா. அந்த இமாம்கள் கேள்வியை எழுப்பிய முறைதான் இங்கு நமக்கு வேண்டியது. ‘மாறியது பொருளின் தன்மையா, அன்றி அதன் இடமும் உருவமும் மட்டுமா?’ என்று அவர்கள் கேட்டனர். வாளியிலுள்ள அழுக்கை அடுத்த வீட்டு முற்றத்தில் கொட்டியவன் தன் வீட்டைத் துடைத்திருக்கலாம். அழுக்கைப் போக்கியவன் ஆகமாட்டான். தூய நிலக்கரி என்னும் கூற்றை இந்த ஒரு கேள்வியால் உரசிப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதன் வரலாறு லண்டன் மாநகரில் தொடங்குகிறது. 1933ஆம் ஆண்டு மின்சாரம் தரத் தொடங்கிய பேட்டர்ஸீ மின் நிலையம் நகரின் நடுவே, தேம்ஸ் நதிக்கரையில் எழுந்தது. அதன் கந்தகப் புகை அரண்மனைகளையும் பூங்காக்களையும் அரித்துவிடும் என்று மக்கள் அஞ்சினர். எனவே புகையைத் தேம்ஸ் நீராலும் சுண்ணத்தாலும் கழுவி வெளிவிடும் ஏற்பாட்டைச் செய்தனர். உலகில் பெரிய அளவில் புகையைக் கழுவிய தொடக்க முயற்சிகளுள் அஃது ஒன்று. அக்காலத்தில் அதனைப் போற்றாதவர் இல்லை. கழுவிய நீர் எங்கே போயிற்று? மீண்டும் தேம்ஸ் நதிக்குள்தான். வானத்திலிருந்து எடுத்ததை ஆற்றில் விட்டனர். அஃது ஒருபுறமிருக்க, கழுவியதனால் குளிர்ந்துபோன புகை உயரே எழாமல் அருகிலேயே தாழ்ந்து படிந்த செய்தியும் உண்டு. பின்னாளில் கட்டிய நிலையங்களில் கழுவும் வேலையை விட்டுவிட்டுப் புகைபோக்கியை வானளாவ உயர்த்தினர். பிரிட்டனின் காற்று சற்றே தெளிந்தது. அந்தக் கந்தகம் கடல் கடந்து சென்று நார்வே, ஸ்வீடன் நாடுகளில் அமில மழையாக இறங்கிற்று; அங்குள்ள ஏரிகளில் மீன்கள் மடிந்தன. அந்த ஏரிக்கரையில் வாழ்ந்தவன் பிரிட்டனின் மின்விளக்கில் ஒன்றையும் கண்டதில்லை.

இவையெல்லாம் வேறு நாட்டுக் கதைகள் என்று தள்ள இயலாதபடி, நம் தமிழ்நாட்டிலேயே சென்னைக்கு வடக்கே எண்ணூர் இருக்கிறது.

இந்தியக் கரியில் கந்தகம் குறைவு, சாம்பலோ மிகுதி. 100 பங்கில் 30 முதல் 45 பங்கு வரை சாம்பலாகும் கரிதான் நம் சுரங்கங்களில் பெரும்பாலும் கிடைக்கிறது. எண்ணூர்ப் பகுதியின் நிலையங்களுக்கு ஒடிசா மாநிலத்துத் தால்சேர் சுரங்கங்களிலிருந்து இரயிலில் பாரதீப் துறைமுகத்திற்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் கரி வருகிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் எழுந்ததே முதன்மையாக இதற்காகத்தான். 100 கப்பல் கரி வந்து இறங்கினால், எரித்த பின் 30, 40 கப்பல் பாரமுள்ள சாம்பல் மிஞ்சும். வரும்போது கப்பலில் வந்தது; திரும்பிப் போக அதற்குக் கப்பல் இல்லை. கரையிலேயே தங்கிவிடுகிறது.

இந்தச் சாம்பலைப் புகையிலிருந்து பிடித்தெடுக்கும் கருவியைக் குறை சொல்வதற்கில்லை. மின்னேற்றம் பெற்ற தகடுகள் சாம்பல் துகளை இழுத்துப் பற்றிக்கொள்கின்றன. நன்றாகப் பேணப்பட்டால் 100இல் 99 பங்குக்கு மேல் பிடித்துவிடும். மனித அறிவின் சிறந்த ஆக்கங்களுள் அதனையும் ஒன்றாக எண்ணலாம். அக்கருவியின் வேலை அத்துடன் முடிகிறது. ஊராரின் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. பிடித்த சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்திற்கு அனுப்புகின்றனர். வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டிச் செப்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. கோடையில் குளம் காய்ந்து காற்று வீசினால் அவ்வூரார்க்கு உணவும் உடையும் ஒரே நிறம். குழாய்களோ கொசஸ்தலையாற்றின் கழிமுகப் பகுதியைக் கடந்து செல்கின்றன. அவை ஓராண்டு ஈராண்டல்ல, பல்லாண்டுகள் கசிந்தன. இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த காட்டுக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களின் நீர்நிலையில் சாம்பல் சேறாகப் படிந்தது. மீனவர் வழக்குத் தொடுத்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கழிமுகத்தைச் சீரமைக்குமாறு 2022இல் உத்தரவிட்டது. வானத்திலிருந்து பிடித்த 99 பங்கு சாம்பல் எங்கே போயிற்று என்று இனி ஒருவர் கேட்டால் விடை சொல்லலாம். செப்பாக்கத்து முற்றத்திற்கும் கொசஸ்தலையாற்றின் அடிமண்ணுக்கும் போயிற்று.

சாம்பல் வீணாவதில்லை, சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பயன்படுகிறதே என்பர். உண்மைதான், அது நல்ல வேலை, மிகுதியாக நடக்க வேண்டும். ஆனால் நாடு முழுவதும் ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் குவிகிறது. ‘பயன்படுத்தப்பட்டது’ என்று அரசுக் கணக்கில் ஏறுவதில் சிமெண்டும் செங்கல்லும் மட்டுமன்றித் தாழ்ந்த நிலங்களையும் கைவிட்ட சுரங்கக் குழிகளையும் நிரப்பியதும் அடங்கும். குழியில் கொட்டுவதற்குப் பயன்பாடு என்று பெயர் வைத்தவர் தமிழில் நல்ல புலமை உடையவராகத்தான் இருக்க வேண்டும். குளத்தில் நிறுத்திவைத்தாலும் அச்சம் தீர்வதில்லை. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் கிங்ஸ்டன் நிலையத்தின் சாம்பல் குளக்கரை நள்ளிரவில் உடைந்து 40 இலட்சம் கனமீட்டருக்கு மேற்பட்ட சாம்பற்சேறு ஆற்றிலும் வீடுகளிலும் புகுந்தது. 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலியில் அவ்வாறே கரை உடைந்தபோது உயிர்கள் போயின. அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர்.

கந்தகத்தின் கதை இன்னும் விந்தையானது. 2015 டிசம்பரில் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களின் புகைக்குக் கண்டிப்பான வரம்புகளை விதித்தது. கந்தகத்தைச் சுண்ணாம்புக்கல்லால் கழுவும் கருவியை ஈராண்டுக்குள் பொருத்த வேண்டும். காலக்கெடு 2017இல் முடிந்தது, நீட்டினர். மறுபடியும் நீட்டினர், மீண்டும் நீட்டினர். கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் நிலையங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு அக்கருவியே தேவையில்லை என்று அறிவித்துவிட்டனர். அதற்குச் சொன்ன காரணங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நம் கரியில் கந்தகம் குறைவு என்பது ஒன்று. மற்றொன்று: கருவியை இயக்க மின்சாரம் வேண்டும், அம்மின்சாரத்திற்கு மேலும் கரி எரிக்க வேண்டும், சுண்ணாம்புக்கல்லுக்கு மலையை வெட்ட வேண்டும், நீரும் மிகுதியாக வேண்டும், எனவே கழுவுவதே கரியமில வாயுவைக் கூட்டும் என்பது.

இவ்வறிவிப்பை எதிர்த்தவர் பலர். கந்தக வாயு காற்றில் நுண்துகளாக மாறி நெடுந்தொலைவு சென்று நுரையீரலில் புகும் என்றும், குறைவான கந்தகமும் இத்தனை கோடி டன் கரியில் பெருங்கந்தகமாகும் என்றும் அவர்கள் வாதிட்டனர். எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் மிகுதி எனப்படுகிறது. ஆயினும் அரசு சொன்ன இரண்டாவது காரணத்தை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். அது மெய். மெய்யாக இருப்பதனால்தான் அஃது இடிக்கிறது. ஓர் அழுக்கைக் கழுவ மற்றோர் அழுக்கைக் கூட்ட வேண்டும் என்று கரியை எரிப்போரே ஒப்புக்கொண்ட பின், ‘தூய’ என்னும் அடைமொழி எதன்மேல் நிற்கிறது? ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கைக் கொண்டு நீக்கலாகாது என்று சட்ட மேதைகள் வகுத்த விதி ஒன்றுண்டு. அதனைப் படித்த மாணாக்கன் இந்த அறிவிப்பைக் கண்டால், கழுவாமல் விட்டது சரி என்று தீர்ப்புச் சொல்லமாட்டான். எரிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பான்.

இனி எஞ்சியது கரியமில வாயு. தூய நிலக்கரி என்று இன்று பேசுவோர் பெரும்பாலும் இதனையே குறிக்கின்றனர். புகையிலிருந்து அவ்வாயுவைப் பிரித்தெடுத்து நிலத்தின் ஆழத்தில் புதைத்துவிடலாம் என்பது திட்டம். நடக்காத கனவு என்று இதனைச் சொல்ல முடியாது. நார்வே நாட்டினர் இயற்கை எரிவாயுவோடு கலந்துவந்த கரியமில வாயுவைப் பிரித்து 1996 முதல் கடலடிப் பாறைகளுக்குள் செலுத்தி வருகின்றனர். கரி மின் நிலையத்திலும் செய்து பார்த்தாயிற்று. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பவுண்டரி டாம் நிலையத்தின் மூன்றாம் அலகில் 2014இல் இக்கருவி இயங்கத் தொடங்கிற்று. கரி நிலையம் ஒன்றில் பெரிய அளவில் பொருத்தப்பட்டது அதுவே முதன்முறை. ஆண்டுக்கு 10 இலட்சம் டன் பிடிப்போம் என்று அறிவித்தனர். மொத்தம் 50 இலட்சம் டன்னைத் தொடுவதற்கு 2023 பிறக்க வேண்டியிருந்தது, எட்டாண்டுக்கு மேல். பிடித்த வாயுவில் பெரும்பகுதி எங்கே போகிறது? குழாய் வழியே ஓர் எண்ணெய் வயலுக்கு. வற்றி வரும் கிணறுகளிலிருந்து மேலும் எண்ணெயைப் பிதுக்கியெடுக்க அதனைப் பயன்படுத்துகின்றனர். அவ்வெண்ணெயும் எங்கோ எரிந்து வாயுவாகிறது. இத்தகைய கருவி தான் இயங்குவதற்கே நிலையத்தின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கையோ அதனினும் மிகுதியையோ விழுங்கிவிடுகிறது. ஆகவே அதே அளவு விளக்கெரிக்க மேலும் கரி தோண்ட வேண்டும். மேலும் சாம்பல் குவியும். எண்ணூர்க்காரனுக்கு இதனால் நேர்வது யாதென்பதை எளிதில் கணக்கிடலாம்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கெம்பர் என்னுமிடத்தில் கட்டிய நிலையத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 300 கோடி டாலருக்குள் முடியும் என்றனர். 750 கோடியை எட்டிற்று. 2017இல் கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவில் ஓட்டினர். 2021இல் கரியை வாயுவாக்கும் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தனர்.

நியாயத்தை முழுதும் சொல்லிவிட வேண்டும். கழுவாத கரியை விடக் கழுவிய கரி மேலானது, இதில் ஐயமில்லை. 1952 டிசம்பரில் லண்டனைக் கரிப்புகை மூடியபோது சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அத்தகைய காட்சியை இன்று அந்நாட்டில் காண முடியாதெனில் சட்டமும் கருவியுமே அதற்குக் காரணம். சீனர்களும் 2014க்குப் பின் தங்கள் நிலையங்களின் கந்தகத்தைப் பெருமளவு குறைத்திருக்கின்றனர். குறைவான அழுக்கு என்பது அற்பமன்று. எத்தனையோ குழந்தைகளின் மூச்சு அதில் அடங்கியிருக்கிறது. என் வழக்கு சொல்லின்மேல்தான். அரபு இலக்கணத்தில் ‘தாஹிர்’ என்றால் தூயது, ‘அத்ஹர்’ என்றால் அதனினும் தூயது. நஹ்வு கிதாபுகளில் ஓயாமல் அடிபடும் ஸைதும் அம்ரும் இங்கும் வருவார்கள்: ‘ஸைது அம்ரை விடக் கற்றவர்’ என்றால் இருவருமே கற்றவர்கள் என்பது உள்ளுறை, கல்லாத இருவரைப் பற்றி அவ்வாறு பேசுதல் இலக்கணமாகாது. ‘முன்னினும் தூய கரி’ என்று சொல்லும்போது, முன்பும் தூய்மை இருந்தது, இப்போது கூடியிருக்கிறது என்னும் பொருள் ஓசையின்றி உள்ளே நுழைந்துவிடுகிறது. ‘முன்னினும் அழுக்குக் குறைந்த கரி’ என்பதே நேர்மையான தொடர். ஆனால் அதனை எந்த விளம்பரத்தில் அச்சிடுவார்கள்?

பெயரில் என்ன இருக்கிறது, ஏழைக்கு விளக்கு வேண்டாவா என்று கேட்பவரின் கோபம் எனக்குப் புரியாமலில்லை. இந்நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு அளவு கரியிலிருந்து வருகிறது. நான் இதனை எழுதும் விளக்கும், ஓதும் பிள்ளைகளின் தலைமேல் சுழலும் விசிறியும் அதிலிருந்தே இயங்குகின்றன. நாளைக் காலையில் எல்லா நிலையங்களையும் பூட்டிவிடு என்று சொல்பவன் மருத்துவமனைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஆகவே இன்றைய நிலையில் கரி ஒரு நிர்ப்பந்தம். சரி, நிர்ப்பந்தம் என்றே சொல்வோம். அச்சொல்லுக்கு நம் சட்ட நூல்களில் நெடிய பாடமே இருக்கிறது.

பசியால் சாகக் கிடப்பவன், வேறொன்றும் கிடைக்காதபோது, தானே செத்த பிராணியின் இறைச்சியை உண்ணலாம். உயிர் தங்கும் அளவுக்கு மட்டுமே உண்ணலாம் என்பர் இமாம்கள் பலர். நிர்ப்பந்தம் எவ்வளவோ அனுமதியும் அவ்வளவே. அவன் உண்டதனால் அவ்விறைச்சிக்கு ஹலால் என்று யாரும் பெயர் சூட்டியதில்லை. சூட்டியிருந்தால் என்ன ஆகும்? அடுத்த ஊரில் நல்லுணவு கிடைக்குமா என்று தேடி நடக்கும் கால்கள் நின்றுவிடும். இருந்த இடத்திலேயே கடை விரித்துவிடுவான். தூய நிலக்கரி என்னும் பெயரிடத்து நான் அஞ்சுவது இதனைத்தான். அழுக்கு என்று அறிந்து எரிப்பவன் ஆண்டுதோறும் எவ்வளவு எரித்தோம், எப்போது நிறுத்துவோம் என்று கேட்டுக்கொண்டிருப்பான். தூயது என்று நம்பி எரிப்பவனுக்கு அக்கேள்வி எழ வழியில்லை.

அந்தப் பாடத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. அதனை விரைந்து கடந்துவிடுவோர் மிகுதி. பசித்தவன் தானே செத்ததை உண்ணாமல் பிறனுடைய உணவை எடுத்து உண்டானெனில், பாவத்திலிருந்து அவனை நிர்ப்பந்தம் காக்கும், விலையிலிருந்து காக்காது. உடையவனுக்கு அதன் ஈட்டைக் கொடுத்தே தீர வேண்டும். ஒருவனுடைய நெருக்கடி மற்றவனுடைய உரிமையை அழித்துவிடாது. கரியின் கணக்கில் உணவை இழந்தவர்கள் யாரென்று தெரியாமலில்லை. கழிமுகத்து மீனவர், சாம்பல் குளத்தை அடுத்த ஊரார், தால்சேரில் நிலத்தைச் சுரங்கத்திற்கு விட்டவர், இன்னும் பிறவாத தலைமுறையினர். மின்கட்டணச் சீட்டில் இவர்களுக்கென ஒரு வரி அச்சிடப்பட்டு நான் கண்டதில்லை. அது தூயதென்றால் ஈடு எதற்கு? தூய்மைக்கு இழப்பீடு கேட்பவன் பைத்தியக்காரன் அல்லவா? பெயர் அந்த வேலையையும் செய்துவிடுகிறது.

1882இல் லண்டனில் பொதுமக்களுக்கான முதல் கரி மின் நிலையத்தைத் திறந்த பிரிட்டன், 142 ஆண்டுகளுக்குப் பின் 2024 செப்டம்பர் 30ஆம் நாள் தன் கடைசிக் கரி நிலையமான ராட்கிளிஃபை மூடிவிட்டது. அந்நிலையத்தில் சாம்பலைப் பிடிக்கும் கருவி இருந்தது. கந்தகத்தைக் கழுவும் கருவி இருந்தது. நைட்ரஜன் வாயுக்களைக் குறைக்கும் கருவியும் இருந்தது. அந்நாட்டில் மிக நன்றாகக் கழுவப்பட்ட நிலையங்களுள் அஃது ஒன்று. அவ்வளவும் செய்தவர்கள் அதனைத் தூயதென்று சொல்லித் தொடர்ந்து ஓட்டவில்லை.

எண்ணூரில் பழைய அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதே வட்டாரத்தில் வட சென்னை நிலையத்தின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் ஆற்றலுள்ள புதிய அலகு 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. முன்னவற்றினும் குறைந்த கரியில் மிகுந்த மின்சாரம் தருவதாக அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எத்தனை ஆண்டுகள் எரிப்பார்கள், ஆண்டுக்கு எவ்வளவு சாம்பல் விழும், அதில் எவ்வளவு செங்கல்லாகும், எவ்வளவு குளத்திற்குப் போகும், குழாய் கசிந்தால் எந்தக் குப்பத்திற்கு யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை அந்நிலையத்தின் வாயிலில் தமிழில் ஒரு பலகையாக எழுதி வைக்கலாம். காட்டுக்குப்பத்து மீனவர் படகை நிறுத்திவிட்டு வந்து படிப்பார்.